நம் வேலிக் கீச்சான்

ஏழு ஆண்டுகளாக நாம் ஒரு கணக்கு எழுதி வருகிறோம். தோட்டத்துக் கிராணி கணக்கெழுதுவதும் ஒரு புதினமா என்று நேயர்கள் நகைக்கலாம். இது சம்பளக் கணக்கன்று, பறவைக் கணக்கு. ஆபீசிலே கழித்துப் போட்ட பழைய செக்குரோல் புத்தகம் ஒன்றில், ஆட்களின் பெயரெழுதும் பத்தியில் பறவைகளின் பெயரை எழுதி, நாளுக்கொரு கட்டமாக வரவைக் குறிக்கிறோம். வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. அக்கணக்கில் சென்ற ஆண்டு ஒரு தவறு நேர்ந்தது. தவறு பறவையுடையதன்று, நம்முடையது. அதைச் சொல்லுமுன் நம் கொல்லைப்புறத்தைச் சற்று விவரிக்க வேண்டும்.

நம் தோட்டம் மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜாவுக்கு அப்பால் இருக்கிறது. பாட்டனார் காலத்தில் ரப்பர். இன்று முழுதும் செம்பனை. கிராணி வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரமும், அதனடியில் ஒரு தகரத் தட்டும், தட்டுக்கு அப்பால் முள்கம்பி வேலியும், வேலிக்கு வெளியே லயத்தின் பின்புறம் வரையில் புல்லும் புதருமான ஒரு துண்டு நிலமும் உள்ளன. நம் பாட்டி எண்பது வயதைக் கடந்தவர். காலையில் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்திலேயே எழுந்து, முதல் நாள் மீந்த சோற்றை அத்தட்டில் போடுவது அவர் வழக்கம். அமாவாசையன்று மட்டும் காக்கையைக் கூவி அழைத்து, அப்பா வந்துவிட்டார், தாத்தா வந்துவிட்டார் என்று உருகிவிட்டு, மற்ற நாளெல்லாம் அதே காக்கையைக் கல்லெடுத்து விரட்டுகிறவர்கள் நம்மவரில் அநேகர். பாட்டியிடம் அந்தப் பாசாங்கு இல்லை. “பசிக்குது, வருது” என்பதே அவருடைய சித்தாந்தம்.

காக்கையைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்நாட்டு வீட்டுக் காக்கையும் நம்மைப் போலக் கப்பலில் வந்ததுதான். 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு மிகுந்தபோது, அதைத் தின்பதற்கென்றே இலங்கையிலிருந்து தருவித்தார்கள். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது. ரப்பர் போயிற்று, செம்பனை வந்தது. காக்கை மட்டும் போகவில்லை. வேலை முடிந்த பின்னும் ஊர் திரும்பாத இந்தக் கூலியை என்ன செய்வதென்று நகராட்சிகள் இன்றைக்கும் கையில் துப்பாக்கியோடு யோசித்துக்கொண்டிருக்கின்றன.

தட்டுக்கு வருவன காக்கை, மைனா, சிட்டு, புறா ஆகியவை. இவையெல்லாம் ஆண்டு முழுதும் இங்கேயே கிடப்பவை. தொலைதூரத்திலிருந்து வரும் பறவை ஒன்றேனும் பாட்டியின் சோற்றைத் தொட்டதில்லை. இது நமக்குப் பெருங்குறையாகப் பட்டது. காரணம், நாம் படித்த படிப்பு. நாம் பட்டணத்தில் ஆங்கில வழியில் படித்தோம். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலே கற்பிப்பதென்று அரசாங்கம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் அகப்பட்ட மாணவர் கூட்டத்தில் நாமும் ஒருவர். பாடம் போதாதென்று ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வேறு. அவற்றிலே பனி உருகும், வசந்தம் வரும், தெற்கே போன பறவைகள் திரும்பும், வீட்டார் தோட்டத்தில் விதைக் கூண்டு தொங்கவிட்டு அவற்றுக்கு நல்வரவு கூறுவார்கள். இங்கிலாந்தில் அவ்வாண்டின் முதற் குயிலோசையைக் கேட்டவர் அதைப் பத்திரிகைக்கு எழுதித் தெரிவிப்பது ஒரு மரபென்றும் படித்தோம். நம் தலைக்கு மேலே எது பறக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார் ஒருவருமிலர். சத்திமுத்தப் புலவர் குமரியாடி வடக்கே மீளும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார் என்பதை நாம் முப்பது வயதில்தான் அறிந்தோம். தெற்கே வந்த பறவை வடக்கே மீளும் என்பது அந்த ஏழைப் புலவருக்குத் தெரிந்திருந்தது. விஞ்ஞானம் படித்த நமக்குத் தெரியவில்லை.

ஆகவே நாமும் மலாக்கா நகரத்துக் கடையொன்றில் ஒரு விதைக் கூண்டு வாங்கி வந்து கொய்யா மரத்தில் தொங்கவிட்டோம். முதல் வாரம் எறும்பு வந்தது. இரண்டாம் வாரம் எலி வந்தது. மூன்றாம் வாரம் எலியைத் தேடிக்கொண்டு பாம்பு வந்தது. அன்று மாலையே பாட்டி கூண்டை அவிழ்த்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் பூச்சி மறைந்துவிடும், தரை மூடிவிடும், அங்கே விதையும் கொழுப்பும் வைப்பதில் பொருளுண்டு. இங்கே வருகிற பறவையோ பூச்சியை நாடியே வருகிறது. அதற்கு விதை எதற்கு, சோறு எதற்கு?

இதை நமக்குக் கற்பித்தது வேலிக் கம்பியில் வந்தமர்ந்த ஒரு கீச்சான். சிட்டைவிடச் சற்றுப் பெரிய உடல், பழுப்பு முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கள்வன் துணி கட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. பழுப்புக் கீச்சான் என்பது அதன் பெயர். மங்கோலியா, சைபீரியா, வடசீனம் ஆகிய தேசங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கும். கம்பியில் அமர்ந்து தரையைப் பார்த்தபடியே இருக்கும். திடீரெனப் பாய்ந்து ஒரு வெட்டுக்கிளியோடு மீளும். தின்றது போக எஞ்சியதை முள்ளில் குத்தி வைப்பதும் உண்டு. நம் வேலியின் முள்கம்பியில் வெட்டுக்கிளியின் காலும் இறக்கையும் காய்ந்து கிடப்பதை முதன்முதல் கண்டபோது, யாரோ பிள்ளைகளின் விஷமம் என்றே எண்ணினோம்.

அந்த ஆண்டு முதல் கணக்கு தொடங்கியது. ஒவ்வோராண்டும் செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் கம்பியில் முதற் கோடு விழும். ஏப்ரல் நடுவிலே ஒருநாள் கோடு நின்று சுழி தொடங்கும். ஆறு ஆண்டுகள் இப்படியே நடந்தன. அதே வேலி, அதே மூலைக் கம்பம். ஒரே பறவைதானா என்று சத்தியம் செய்ய நம்மால் இயலாது. அதன் காலில் வளையம் இல்லை. ஆனால் மெட்வே பிரபு என்ற பறவையியல் அறிஞர் 1960களில் இந்நாட்டுக்கு வரும் கீச்சான்களைப் பிடித்து வளையமிட்டு ஆராய்ந்து, 1970-இல் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். முந்திய பருவத்தில் பிடிபட்ட இடத்துக்கே பறவை மறுபருவத்தில் மீள்வதை அப்படிப்பட்ட வளையங்கள்தாம் காட்டின. பல்லாயிரம் மைல் கடந்து வந்து, ஒரு வேலிக் கம்பத்தை அடையாளம் கண்டு இறங்குகிற அறிவை என்னவென்பது! நம் தோட்டத்தில் புதிதாக வந்த லாரி ஓட்டுநர் ஆபீசையே இரண்டு தடவை தவறவிட்டார்.

பறவை நூல்கள் கீச்சானைக் குளிர்கால விருந்தாளி என்று எழுதுகின்றன. நாம் கணக்குப் பிள்ளையாதலால் மாதங்களைக் கூட்டிப் பார்த்தோம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையில் ஏழு மாதம் இங்கே. வழியிலே கழிவது போகச் சொந்த ஊரில் அது இருப்பது மூன்று மாதத்திற்குச் சற்று மிகுதியாக இருக்கலாம். மூன்று மாதம் இருக்கும் இடம் வீடாம். ஏழு மாதம் இருக்கும் இடத்திற்கு விருந்தாளியாம்! முட்டையிட்ட இடந்தான் ஊர் என்று நூலாசிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

இந்தச் சொல்லின் மேல் நமக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நம் பாட்டனாரின் தம்பி ஒருவர் இருந்தார். இதே தோட்டத்து லயத்தில் 1931-இல் பிறந்தவர். பிறப்புச் சூரை ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்து போயிற்று. குடியுரிமைக்கு எழுதிப் போடும்படி பலர் சொல்லியும், நாளைக்கு நாளைக்கு என்று ஒத்திப் போட்டார். கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969-ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்திற்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கினார்கள். அவருக்குப் பெர்மிட் கிட்டவில்லை. 1970-இல், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலேறினார். “ஊருக்குப் போறாரு” என்று லயமே சொல்லியது. அவர் அந்த ஊரை அதற்கு முன் கண்டதேயில்லை. முப்பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் போகும் இடத்துக்கு ‘ஊர்’ என்று பெயர். அங்கே அவரை எல்லாரும் ‘மலாக்காக்காரர்’ என்றே அழைத்தார்களாம். பிறகு அவர் எழுதிய கடிதங்களிலும் அதையே கையெழுத்துக்குக் கீழே எழுதினார். அக்கடிதங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. ஒன்றில், கிணற்றடி ரம்புத்தான் காய்த்ததா என்று கேட்டிருக்கிறார்.

நிற்க. இப்பொழுது நம் தவற்றுக்கு வருவோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், தோட்டத்துக்கு மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. லயத்தைச் சுற்றிப் புல் இருக்கலாகாது என்றார் மானேஜர். மருந்துச் சீட்டு எழுதுவது நம் வேலை. எத்தனை லிட்டர், எத்தனை பம்பு, எந்த இடம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஸ்டோருக்கு அனுப்புவோம். ‘லயத்துப் பின்வேலி ஓரம், முழுவதும்’ என்று எழுதினோம். அச்சொற்களை எழுதும்போது நமக்குக் கீச்சானின் நினைவு வரவில்லை. ஏழாண்டு கணக்கு மேசையின் அடித்தட்டில் இருக்கிறது. எழுதும் கை மேல்தட்டில் இருக்கிறது. பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து பாரகுவாட் அடித்துக் கையும் நகமும் வெந்த காலம் ஒன்று உண்டு; அம்மருந்து 2020-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தடுக்கப்பட்டுவிட்டது. இப்பொழுது அடிப்பது வேறு மருந்து. அடிப்பவர்களும் லொம்போக்கிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆண்கள். அவர்கள் சீட்டில் உள்ளபடி செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

பத்து நாளில் புல் மஞ்சளாயிற்று, பிறகு பழுப்பாயிற்று, பிறகு வெறுந்தரை. வந்தவர்கள் மோட்டாரில் இருந்தபடியே பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று மெச்சினார்கள்.

செப்டம்பர் 17-ஆம் தேதி கீச்சான் வந்தது. மூலைக் கம்பத்தில் அமர்ந்து வழக்கம்போலத் தரையைப் பார்த்தது. காலை முழுதும் பார்த்தது. ஒரு தடவை பாய்ந்து, வெறும் அலகோடு மீண்டது. மறுநாளும் இருந்தது; மூன்றாம் நாள் நண்பகல் வரையில் இருந்தது. அதற்குப் பின் சுழிதான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் எல்லாம் சுழி. அது வேறு வேலி கண்டு பிழைத்ததோ, அத்தனை தூரம் பறந்து இளைத்த உடம்பு தாங்காமல் எங்கேனும் விழுந்ததோ, நமக்குத் தெரியாது. கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்த நம்மைப் பார்த்துப் பாட்டி சொன்னார்: “எலையைக் கிழிச்சுப் போட்டுட்டு பந்திக்கு வான்னா எவன்டா தம்பி வருவான்?”

வேலி வெறிச்சோடிக் கிடந்ததனால்தான் இந்த மார்ச்சு மாதம் தஞ்சோங் துவானுக்குப் போக வேண்டுமென்று தோன்றியது. போர்ட்டிக்சனுக்கு அருகே கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கும் சிறு குன்று அது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண்ணாயிருந்தும், குன்று மட்டும் மலாக்கா மாநிலத்திற்கே உரியது என்பதை நம் மலாக்காத் தோழர்களிலேயே பலர் அறியார். போர்த்துக்கீசியர் ரச்சாடோ முனை என்றார்கள். 1606-இல் டச்சுக்காரரும் அவர்களும் அக்கடலில் பீரங்கிப் போர் நடத்தினார்கள். போர்த்துக்கீசியர் முதலில் வைத்த விளக்கு போய், இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1863-இல் எழுந்தது. இவை சரித்திரக்காரர் சொல்வன. பருந்துகளுக்கு அந்த இடத்தின் பெருமை வேறு. எதிர்க்கரையில் சுமத்திராவைச் சேர்ந்த ரூப்பாத் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நீரிணையைக் கடக்க இது வாய்ப்பான குறுக்கு வழி.

பாட்டியையும் காரில் அழைத்துச் சென்றோம். மஸ்ஜித் தானா, லிங்கி வழியாகப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் குன்றேற மாட்டார். அடிவாரத்துக் கடற்கரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். நாமும் கூடவே இருந்துவிட்டோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. பதினொன்றரை மணிக்குமேல் கடலின் மேல் ஒரு புள்ளி, பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. தேன் பருந்துகள்! பருந்து என்றால் இறகை விரித்துச் சும்மா மிதக்கும் என்றல்லவா எண்ணியிருந்தோம்? தரை சூடாகி மேலெழும் காற்றில்தான் அப்படி மிதக்கலாம். கடலின் மேல் அந்தக் காற்றுத் தூண் கிட்டாது. ஆகவே 38 கிலோமீட்டரில் பெரும்பகுதியை இறகடித்தே கடக்க வேண்டியிருக்கிறது. சில பறவைகள் அலைக்குச் சற்று மேலே, மீனவர் படகின் உயரத்தில், பாரம் சுமந்த ஆளைப்போல ஒவ்வோர் அடியாக இறகை அடித்து வந்தன. கரையைத் தொட்டு, குன்றின் மரங்களுக்கு மேலே வந்ததும், சூடான காற்று அகப்பட்டுவிடும். உடனே இறகு நின்றுவிடும். வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறிப் புள்ளியாகி வடக்கே மறையும். பாட்டி ஒவ்வொரு பறவை கரையேறும்போதும், “ஆச்சு, ஆச்சு, வந்துட்டே” என்று தமக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அருகில் நின்ற நம்மவர் ஒருவர் ‘கருடா!’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் என்று நம்மவர் கும்பிடுவது செம்பருந்தை. அது இக்கடற்கரைகளிலேயே குடியிருப்பது. வந்துகொண்டிருந்தது வேறு பறவை. குளவிக் கூட்டைப் பிய்த்து அதன் புழுவைத் தின்பது. கொடுக்கு ஏறாதபடி முகத்திலே செதிள் போன்ற நெருக்கமான இறகு உடையது. கும்பிட்ட கையைக் கண்ணுக்கு மேலே நிழலாகப் பிடித்துப் பார்த்திருந்தால் அந்த அன்பருக்கு இன்னும் பெரிய அதிசயம் தெரிந்திருக்கும். ஜப்பானிய அறிஞர் ஹிகுச்சி என்பாரும் அவருடைய கூட்டத்தாரும் இப்பறவைகளின் முதுகில் சிறு கருவியைக் கட்டி, விண்கோளின் உதவியால் 2000களில் அவற்றின் பாதையைத் தொடர்ந்தார்கள். ஜப்பானிலிருந்து சீனம், இந்தோசீனம், மலாயாத் தீபகற்பம் வழியாகச் சுமத்திரா, ஜாவா முதலிய தீவுகளுக்குப் போகின்றன. திரும்பும்போது கடைசிப் பகுதியில் வந்த வழியை விட்டுக் கொரியாவைச் சுற்றி வீடு சேர்கின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச்சு மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தியிருக்கிறார்கள். ஒரு பருவத்தில் கடப்பவை பல்லாயிரம். நாம் அன்று நானூறு வரையில் எண்ணிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டோம்.

பருந்துகளுக்கு இடையே, தாழ்வாக, பச்சை நிறத்தில் ஒரு கூட்டம் கிலுகிலுத்துக்கொண்டு வந்தது. நீலக்கழுத்துப் பஞ்சுருட்டான். இவையும் சுமத்திராவிலிருந்து வருபவைதாம். ஆனால் இவை வடக்கே போவதில்லை. நம் மலாயா மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்க வருகின்றன. ஒரே நாளில், ஒரே கடலைக் கடந்து, ஒன்று நம்மைத் தாண்டிப் போகிறது. ஒன்று நம்மிடம் வீட்டுக்கு வருகிறது.

திரும்பும் வழியில் பாட்டி, நம் பாட்டனாரின் தந்தையார் சொன்னதாக ஒரு கதை சொன்னார். அவர் மதுராந்தகத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்தவர். அங்கே வேடந்தாங்கல் ஏரி உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நாரையும் கொக்கும் வந்து ஏரி மரங்களை மூடிவிடும். அவ்வூரார் பறவைக்குச் சோறு போடுவதில்லையாம், தானியம் இறைப்பதுமில்லையாம். மரத்தை வெட்டமாட்டார்கள், வேட்டு வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். சோல்ஜர்கள் பறவையைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798 வாக்கில் கும்பினிக் கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்புக் கவுல் பெற்றார்கள் என்பதைப் பின்னர் நாம் நூலில் படித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனார் கதையும் நூலும் இவ்வளவு பொருந்தியிருந்தது நமக்கு வியப்பாயிருந்தது. மற்றொன்றும் அப்பொழுதுதான் உறைத்தது. நாம் கூண்டு வாங்கித் தொங்கவிட்டபோது, கீச்சானுக்குத் தட்டு ஏற்கெனவே போட்டிருந்தது. அது வேலிக்கு வெளியே கிடந்த அந்தப் புல்தான். பாட்டி சொன்ன இலை அது.

ஜனவரி முதல் மருந்துச் சீட்டில் ‘பின்வேலி ஓரம்’ என்பதை நாம் எழுதவில்லை. இரண்டு சங்கிலி நீளம், அரைச் சங்கிலி அகலம். இருபது ஆயிரம் மரம் நிற்கும் தோட்டத்தில் இது ஒரு பொருட்டன்று. லாலான் தலை தூக்கியிருக்கிறது, தொட்டாற்சுருங்கி பரவியிருக்கிறது, சென்ற வாரம் உண்ணிப்பூச் செடியில் வெட்டுக்கிளி கண்டோம். லயத்தில் சிலர் பாம்பு வரும் என்கிறார்கள். அது நியாயமான பேச்சு. பிள்ளைகள் நடக்கும் பாதையை மட்டும் நாமே ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியால் வெட்டிவிடுகிறோம். இந்த வேலைக்குச் செக்குரோலில் இடமில்லை.

செப்டம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நேற்று மானேஜர் ஆபீசுக்கு வந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பின்வேலி ஓரம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். அடுத்த சுற்றில் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்தோம். அடுத்த சுற்று ஜூன் மாதம். அப்பொழுது என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.